தூரத்தின் கணக்கு

பிக்சரஸ்க் என்ற சொல்லுக்குத் தமிழில் ‘எழில்மிகு’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அது போதாது. அதன் நேர்ப்பொருள் ‘சித்திரம் போன்ற’ என்பது. முதலில் சித்திரம், பிறகுதான் இயற்கை. ஓவியம் இயற்கையை ஒத்திருக்கிறதா என்ற கேள்வியைத் தலைகீழாக்கி, இயற்கை ஓவியத்தை ஒத்திருக்கிறதா என்று கேட்டது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி இங்கிலாந்து. அக்காலத்துப் பயணிகள் கருஞ்சாயம் ஏற்றிய சிறு குவியாடி ஒன்றைப் பையில் வைத்திருந்தார்கள். க்ளோத் லொரெய்ன் என்ற பிரெஞ்சு ஓவியரின் பெயரால் அது க்ளோத் கண்ணாடி. மலையும் ஆறும் கண்ணில் பட்டதும் அவற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கண்ணாடியில் விழும் பிம்பத்தை ரசிப்பார்கள். பார்ப்பதற்காக முதுகைத் திருப்புவது – இந்த ரசனையின் சரித்திரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

நான் எடுத்துக்கொண்டிருப்பது வேல்ஸின் தென்மேற்கில், கார்மார்தன்ஷயரில், லானார்த்னி என்ற ஊரை அடுத்த மிடில்டன் ஹால் என்ற எஸ்டேட்டின் கதை. அந்த இடத்தை நான் பார்த்ததில்லை. பார்க்காதவன் எழுதலாமா என்றால், இது தூரத்தைப் பற்றிய கதை என்பதுதான் என் பதில். தூரத்தைக் கையாளும் இரண்டு கலைகள் அங்கே சந்தித்துக்கொண்டன. ஒன்று நிலக்காட்சிக் கலை. மற்றது பணம் அனுப்பும் கலை. முதலாவதைக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்த மூன்று வருஷங்களில் தெரிந்துகொண்டேன். இரண்டாவதை வங்கிக் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து தினமும் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அந்தப் பிரதேசத்துக்கு முதலில் வந்தது கவிதைதான். டவி நதியின் பள்ளத்தாக்கில், வடகரையில், கிராங்கர் என்ற ஒரு குன்று இருக்கிறது. அதன் அருகில் அபர்க்ளாஸ்னி என்ற வீட்டில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர் ஜான் டையர். 1699-ல் பிறந்தவர், ஓவியம் பயின்றவர், இத்தாலிக்குப் போய் வந்தவர். 1726-ல் அவர் வெளியிட்ட ‘கிராங்கர் ஹில்’ ஆங்கிலத்தில் நிலக்காட்சிக் கவிதைக்கு ஒரு தொடக்கம். அதில் நடப்பது அதிகமில்லை. ஒருவன் குன்றின்மேல் ஏறுகிறான். ஏற ஏறக் காட்சி விரிகிறது. இடிந்த கோட்டை ஒன்று தெரிகிறது. அதிகாரம் எவ்வளவு அற்பாயுசு என்று நினைத்துக்கொள்கிறான். நதிகள் கடலுக்குப் போவதைப் பார்த்து மனித வாழ்வை எண்ணுகிறான். அவ்வளவுதான். ஆனால் பார்ப்பவனின் கால் நகர்வதையும் கண் விரிவதையும் ஒன்றாக்கிவிட்டது அந்தக் கவிதை. குன்று யாருக்கும் சொந்தமில்லாதது போல இருக்கிறது. ஏறத் தெரிந்தவனுக்குக் காட்சி.

இந்தக் கவிதையின் மேல் விழுந்த ஒரு விமர்சனம்தான் என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது. பிக்சரஸ்க் ரசனைக்கு இலக்கணம் வகுத்தவர் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார். 1770-ல் வை நதியிலும் தெற்கு வேல்ஸிலும் அவர் செய்த பயணம் 1782-ல் புத்தகமாக வந்தது. டின்டர்ன் மடாலயத்தின் இடிபாடு போதுமான அளவு இடியவில்லை, யாராவது ஒரு சுத்தியலை எடுத்து அதன் முக்கோண முகடுகளைக் கொஞ்சம் உடைத்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று சொன்னவர் அவர்தான். டையரைப் பற்றி அவருடைய புகார் இது: கவிஞருக்குத் தூரம் தெரியவில்லை. அருகிலிருப்பதற்கு உரிய நுட்ப விவரங்களைத் தொலைவிலிருப்பதற்குக் கொடுத்துவிடுகிறார். தூரத்துக் கோட்டை மங்கலாக, நீலம் பாய்ந்து, ஒரு சாயலாக நிற்க வேண்டும். டையரோ அதன் சுவரில் படர்ந்த கொடியைக்கூடக் காட்டுகிறார். ஓவியம் பயின்ற ஒருவர் இப்படிச் செய்யலாமா?

கில்பினின் கண்ணால் பார்த்தால் புகார் நியாயமானது. தூரத்தில் இருப்பது தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் நிலக்காட்சியின் முதல் ஒழுக்கம். இந்த ஒழுக்கம் யாருக்குச் சௌகரியமாக இருந்தது என்பதை மிடில்டன் ஹாலின் கதை சொல்கிறது.

வில்லியம் பாக்ஸ்டன் 1744-ல் பிறந்தவர். சிறுவனாகவே கடற்படையில் சேர்ந்தார். பிறகு உலோகச் சோதனைத் தொழிலைக் கற்றுக்கொண்டு 1774-ல் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயசாலையில் மாற்றுப் பார்க்கும் அதிகாரியானார். வெள்ளியில் எவ்வளவு வெள்ளி என்று சொல்வது அவர் வேலை. நம்முடைய பழைய தமிழில் இந்தத் தொழில் செய்பவனுக்கு வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர்களின் பெயர்களிலேயே இந்தச் சொல் இருக்கிறது. நாணயம் நோட்டம் பார்த்தவர்கள் கவிதையும் எழுதியிருக்கிறார்கள் என்பதில் வங்கிக்காரனுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

பாக்ஸ்டன் கையாண்ட வங்காள ரூபாயைப் பற்றி இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்பெல்லாம் ரூபாய்க்கு வயதாகும். அச்சடித்துச் சில வருஷங்கள் கழிந்தால் வட்டம் பிடித்துக்கொண்டுதான் மாற்றிக் கொடுப்பார்கள். இந்தக் குழப்பத்தை நிறுத்தக் கம்பெனி ஒரு வழி கண்டது. எந்த வருஷம் அச்சடித்தாலும் முகலாயப் பாதுஷா ஷா ஆலமின் 19-ஆம் ஆட்சியாண்டு என்றே பொறித்துவிடுவது. அச்சடித்தது கல்கத்தா. காசின்மேல் பாரசீகத்தில் இருந்த ஊர்ப்பெயர் முர்ஷிதாபாத். ஆள்வது கம்பெனி. பெயர் பாதுஷாவுடையது. புதிதாகக் கட்டும்போதே பழையதாகத் தோன்றும்படி கட்டப்பட்ட இடிபாடுகள் அக்காலத்து ஆங்கிலப் பூங்காக்களில் நிறைய உண்டு. அவற்றை அழகியல் நூல்கள் விஸ்தாரமாகப் பேசுகின்றன. காலத்தையும் இடத்தையும் மாற்றிச் சொன்ன இந்த ரூபாயைப் பற்றி எந்த அழகியல் நூலும் பேசவில்லை. இரண்டும் ஒரே காலத்து ரசனை என்பது என் கட்சி.

ஆனால் பாக்ஸ்டன் பெரும் பணக்காரரானது நாணயசாலைச் சம்பளத்தில் அல்ல. காக்கரல், டிலைல் என்ற கூட்டாளிகளோடு அவர் நடத்திய ஏஜென்சி ஹவுஸில். அதன் தொழில் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கம்பெனி உத்தியோகஸ்தர்கள் வங்காளத்தில் சொந்த வியாபாரத்திலும் பிற வழிகளிலும் சேர்த்த பணம் ரூபாயாக இருந்தது. அவர்கள் ஓய்வுபெற்று வாழ நினைத்த ஊரிலோ பவுண்டுதான் செல்லும். கல்கத்தா கஜானாவில் ரூபாயைக் கட்டி லண்டனில் மாற்றிக்கொள்ளக் கம்பெனியே உண்டியல் கொடுத்தது. ஆனால் அதற்கு வருஷாவருஷம் ஒரு வரம்பு வைத்திருந்தது. வரம்புக்கு மேற்பட்டது டச்சு, டேனிஷ் கம்பெனிகளின் வழியாகப் போயிற்று. அவர்களுக்கு வங்காளத்தில் ரூபாயைக் கடனாகக் கொடுத்தால், அதில் துணி வாங்கிக் கப்பலேற்றி, ஐரோப்பாவில் விற்றபின் அங்கே திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் வைரமாக மாற்றி எடுத்துப் போனார்கள். இந்த வழிகளையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு, பிறர் பணத்தைக் கமிஷனுக்கு ஊர் சேர்ப்பதுதான் ஏஜென்சி ஹவுஸ்.

நான் ஒருவருக்கு டிராஃப்ட் எழுதிக் கொடுக்கும்போது நோட்டு எதுவும் ஊரைவிட்டுப் போவதில்லை. இங்கே ஒரு பற்று, அங்கே ஒரு வரவு, நடுவில் ஒரு காகிதம். பாக்ஸ்டனின் உண்டியலும் அப்படித்தான். வெள்ளி வங்காளத்திலேயே நின்றது. அது நெசவாளியிடம் துணியாக மாறி, துணி கடல் தாண்டி, காகிதம் லண்டனில் பவுண்டாக மாறியது. அந்தக் காகிதத்தின் விசேஷம், அதில் நெசவாளியின் சாயல் துளியும் இல்லாததுதான். தொலைவிலிருப்பது மங்கி, நீலம் பாய்ந்து, பிறகு காணாமலே போய்விட்டது. கில்பின் பார்த்திருந்தால் திருப்தியடைந்திருப்பார்.

அப்போது தொலைவில் இருந்தது என்ன? 1770-ன் பஞ்சம். பாக்ஸ்டன் நாணயசாலையில் அமர்ந்தது அதற்கு நான்கு வருஷங்கள் கழித்து. பஞ்சத்துக்கு அவரைப் பொறுப்பாக்குவது அபத்தம். ஆனால் அவர் போய்ச் சேர்ந்த பூமி எப்படிப்பட்டது என்பதற்கு வாரன் ஹேஸ்டிங்ஸே சாட்சி. 1772-ல் அவர் டைரக்டர்களுக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு தகவல்கள் அடுத்தடுத்து வருகின்றன. மாகாணத்து ஜனங்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் இறந்துவிட்டார்கள். அப்படியிருந்தும் 1771-ன் நிகர வரிவசூல் 1768-ஐவிட அதிகம். இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே பக்கத்தில் எழுத முடிந்ததே, அதுதான் பேரேட்டின் உரைநடை.

1785-ல் பாக்ஸ்டன் இங்கிலாந்து திரும்பினார். இந்தியாவில் சம்பாதித்துத் திரும்புகிறவர்களை அங்கே நேபாப் என்று கேலி பேசினார்கள். நம் நவாப்தான் அது. 1789-ல் மிடில்டன் ஹால் எஸ்டேட்டை 40,000 பவுண்டுக்கு வாங்கினார். அடுத்த பத்தாண்டில் சாமுவேல் பெபிஸ் காக்கரல் என்ற கட்டடக் கலைஞரைக்கொண்டு புதிய மாளிகை எழுப்பினார். இந்தக் கலைஞர் பாக்ஸ்டனின் கூட்டாளி சார்ல்ஸ் காக்கரலின் சகோதரர். பூங்காவை வகுத்தவர் சாமுவேல் லாபிட்ஜ். கேபபிலிட்டி பிரவுன் என்று பேர்பெற்ற தோட்டக்கலைஞரிடம் உதவியாளராக இருந்தவர்.

அங்கே செய்யப்பட்ட காரியம் பெரியது. நீரோடைகளை அணைகட்டித் தடுத்து, மாளிகையைச் சுற்றிலும் ஏரிகளைச் சங்கிலியாகக் கோத்தார்கள். மதகுகள், அருவிகள், பாலங்கள், ஊற்றுநீர்க் குளியலறை எல்லாம் வந்தன. மாளிகைக்குள் குழாய் வழியே தண்ணீர் ஓடிற்று. ஏரி என்றால் நமக்குக் கரையும் கலிங்கும் மதகும் கண்ணில் பட வேண்டும். அவற்றைக் கட்டியவன் பெயர் கல்வெட்டில் இருக்கும். பிரவுன் வழிவந்தவர்களின் இலக்கணம் நேர் எதிரானது. அணை தெரியக்கூடாது. அதன்மேல் புல் வளர்த்து, மரம் நட்டு, தண்ணீர் தானாகவே வந்து தங்கியதுபோலச் செய்ய வேண்டும். வேலி தெரியக்கூடாது. அதைப் பள்ளத்துக்குள் இறக்கிவிட வேண்டும், மாடு மேயும் நிலமும் மாளிகையின் புல்தரையும் ஒன்றுபோலத் தெரிவதற்காக. உழைப்பை எவ்வளவு கொட்டினால் உழைப்பின் தடம் அழியும் என்பதுதான் இந்தக் கலையின் பிரச்சினை.

மாளிகையும் அப்படியே. கிரேக்கத் தூண்கள் வைத்த சுத்தமான செவ்வியல் பாணி. வங்காளத்தின் வாடைகூட இல்லை. இதே கட்டடக் கலைஞர் சில வருஷங்கள் கழித்து, 1805 வாக்கில், தன் சகோதரர் சார்ல்ஸுக்காகக் க்ளஸ்டர்ஷயரில் செஸின்கோட் என்ற மாளிகையை முகலாயக் கும்மட்டத்தோடு கட்டினார். நம் கோயில்களையும் வரைந்துபோன தாமஸ் டானியல் அதற்கு யோசனை சொன்னார். ஒரே கம்பெனியின் இரண்டு கூட்டாளிகள். ஒருவர் இந்தியாவை மறைத்தார், இன்னொருவர் அலங்காரமாக்கினார். இரண்டுமே தூரத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் வழிகள்தான் என்று எனக்குப் படுகிறது.

மறைக்க முடியாமல் ஒருமுறை கணக்கு வெளியே வந்தது. 1802-ல் பாக்ஸ்டன் கார்மார்தன்ஷயர் தொகுதியில் பார்லிமென்ட் தேர்தலுக்கு நின்றார். வாக்காளர்களை உபசரித்த பில் மிஞ்சியிருக்கிறது: காலைச் சிற்றுண்டி 11,070, பகல் விருந்து 36,901, இரவுச் சாப்பாடு 684, ஏல் பீர் 25,275 காலன், சாராய வகை 11,068 பாட்டில், ரிப்பனுக்கு மட்டும் 786 பவுண்டு. மொத்தம் 15,690 பவுண்டு, 4 ஷில்லிங், 2 பென்ஸ். இவ்வளவுக்கும் அவர் தோற்றார். அந்த இரண்டு பென்ஸை எழுதிவைத்த குமாஸ்தாவை எனக்குப் பிடிக்கிறது. இந்த முழுக் கதையில் தூரத்தை மங்கவிடாத ஒரே ஆள் அவன்தான். அடுத்த வருஷமே பாக்ஸ்டனுக்கு சர் பட்டமும் கார்மார்தன் நகரத் தொகுதியும் கிடைத்தன என்பது வேறு விஷயம்.

டவி நதியின் மேல் பாலம் கட்டித்தருவதாக வாக்களித்திருந்தார், தோற்ற கோபத்தில் அந்தப் பணத்தில் கோபுரம் கட்டிவிட்டார் என்று அந்த ஊரில் ஒரு கதை உண்டு. பாலம் வராமல் போனதற்கு ஊர் கற்பித்துக்கொண்ட காரணம் அது. கோபுரம் இருப்பது உண்மை. பள்ளத்தாக்கின் தென்புறக் குன்றின் உச்சியில், 1805-ல் டிரஃபால்கரில் இறந்த நெல்சனின் நினைவாக எழுப்பியது. முக்கோண அடித்தளம், கோட்டைபோன்ற சாயல், மேலே விருந்துக்கூடம். வாயில்களின் மேல் வெல்ஷ், ஆங்கிலம், லத்தீன் என மூன்று மொழிகளில் வாசகம். ரூபாயில் இருந்த பாரசீகம் இல்லை.

அந்த விருந்துக்கூடத்தின் ஜன்னலிலிருந்து பார்த்தால் நதிக்கு அப்பால் டிரஸ்லுவின் கோட்டையின் இடிபாடு தெரியும். கிராங்கர் குன்றும் தெரியும். டையர் கால் வலிக்க ஏறிச் சம்பாதித்த காட்சி, எண்பது வருஷங்கள் கழித்து, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பார்க்கும் காட்சியாகிவிட்டது. ஒரு கவிதை ஒரு ரசனையை உண்டாக்குகிறது. ரசனைக்கு விலை ஏற்படுகிறது. பிறகு கவிதையின் பார்வைக்கோணமே கல்லில் கட்டப்படுகிறது. 1815-ல் தாமஸ் ஹார்னர் என்பவர் இந்த எஸ்டேட்டை நீர்வண்ணத்தில் வரைந்தார். சித்திரத்தைப் பார்த்துச் செய்த நிலம் மறுபடியும் சித்திரமாயிற்று. வட்டம் பூர்த்தியாயிற்று.

1824-ல் பாக்ஸ்டன் இறந்தார். எஸ்டேட் 54,700 பவுண்டுக்கு விலைபோயிற்று. வாங்கியவர் ஜமைக்காவில் பிறந்த எட்வர்ட் ஹாம்லின் ஆடம்ஸ். கிழக்கிந்தியப் பணம் கைமாறி மேற்கிந்தியக் கைக்கு வந்தது. பாக்ஸ்டனின் கல்கத்தா ஏஜென்சி ஹவுஸின் வழிவந்த பாமர் கம்பெனி 1830-ல் திவாலாகி, வங்காளத்தில் பலருடைய சேமிப்பை அழித்தது. அப்போதும் கார்மார்தன்ஷயரின் ஏரிகளில் தண்ணீர் சலனமில்லாமல்தான் இருந்திருக்கும்.

ஆடம்ஸின் மகள் மெடில்டா. அவருடைய மகள்தான் வெர்னன் லீ என்ற புனைபெயரில் எழுதிய வயலட் பேஜெட். ஆங்கில அழகியலில் ‘எம்பதி’ என்ற கருத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். ‘மலை எழுகிறது’ என்று ஏன் சொல்கிறோம், அசையாமல் கிடக்கும் மலை எப்படி எழ முடியும் என்று 1913-ல் வெளிவந்த ‘தி பியூட்டிஃபுல்’ என்ற நூலில் கேட்டார். எழுவது மலையல்ல, பார்க்கும் நம் கண்ணும் நினைவும் செய்யும் காரியம் அது, அதை மலைக்குக் கொடுத்துவிடுகிறோம் என்பது அவர் விளக்கம். நம் உழைப்பு நிலத்தின் குணமாகத் தோன்றுகிறது என்று இதைப் பெயர்த்துச் சொல்லலாம். பாட்டனார் வாங்கிய எஸ்டேட்டின் ஏரிகளுக்கும் இதுவே விளக்கம். ஒரு வித்தியாசம்தான். அங்கே உழைத்த கண்ணும் கையும் பார்ப்பவனுடையவை அல்ல.

1931-ல் மாளிகை எரிந்தது. மிஞ்சிய சுவர்களை 1951-ல் இடித்தார்கள். கவுண்ட்டி நிர்வாகம் நிலத்தைச் சிறு பண்ணைகளாகப் பிரித்துக் குத்தகைக்கு விட்டது. ஏரிகள் தூர்ந்தன. 2000-ல் அங்கே வேல்ஸின் தேசியத் தாவரவியல் பூங்கா திறக்கப்பட்டது. நடுவில் தூணில்லாத ஒரே வளைவாக நார்மன் ஃபாஸ்டர் கட்டிய பெரிய கண்ணாடி மனை. கலிஃபோர்னியா, சிலி, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று தொலைதூரச் செடிகள் ஒரே கூரையின்கீழ். பிறகு பாக்ஸ்டனின் ஏரிகளையும் மீட்டுக் கட்டினார்கள். இந்தமுறை அணைகள் எங்கே இருந்தன என்று முதலில் தோண்டிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நம் இலக்கியச் சூழலில் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. அழகு அழகுதான், பணம் எங்கிருந்து வந்தால் என்ன என்று ஒரு கட்சி. ரத்தம் கலந்த தண்ணீரில் அழகென்ன என்று இன்னொரு கட்சி. எல்லைப்புற வேல்ஸ் கிராமத்தில் ஒரு ரயில்வே சிக்னல்காரரின் மகனாகப் பிறந்த ரேமண்ட் வில்லியம்ஸ் 1973-ல் ‘நாட்டுப்புறமும் நகரமும்’ பற்றி எழுதிய நூலில், மாளிகையைப் பார்க்கும்போது அதற்கு எவ்வளவு உழைப்புச் செலவாகியிருக்கும் என்று கணக்கிடச் சொன்னார். பெரிய காரியம். ஆனால் கணக்கை அழகுக்கு வெளியே, அழகுக்கு எதிராக, வைத்துவிடும் அபாயம் அதில் இருக்கிறது. மிடில்டன் ஹாலில் கணக்கு வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது. மறைந்த அணை, இறக்கிய வேலி, மங்கிய தூரம் – இவைதான் அந்த வடிவம். அழகை ரசிக்கத் தெரியாதவனுக்கு அந்த மறைப்பும் புரியாது. ரசனையைக் கைவிடுகிறவன் சாட்சியத்தைத்தான் கைவிடுகிறான்.

ஆகவே நான் மறுபடியும் கில்பினின் புகாருக்கு வருகிறேன். டையருக்குத் தூரம் தெரியவில்லை என்றார் அவர். தொலைவிலிருக்கும் சுவரில் கொடி படர்ந்திருப்பதைச் சொல்லிவிட்டார் என்றார். நிலக்காட்சி ஓவியனுக்கு அது குற்றமாயிருக்கலாம். அதே டையர் பின்னால், 1757-ல், ‘தி ஃப்ளீஸ்’ என்ற நீண்ட கவிதையில் ஆட்டு ரோமம் கத்தரிக்கப்படுவதிலிருந்து துணியாகிக் கப்பலேறும்வரை வியாபாரத்தைச் சொல்ல முற்பட்டார். அதில் வியாபாரத்தின்மேல் அவருக்கிருந்த நம்பிக்கை நமக்குச் சம்மதமில்லை. என்றாலும் தொலைவில் இருப்பதற்கும் விவரம் உண்டு என்ற அந்தப் பழைய பிடிவாதம் அவரை விடவில்லை. சரித்திரம் எழுதுகிறவன் செய்ய வேண்டிய பிழை இதுதான். ஏரியை எழுதும்போது அதே கூர்மையோடு, அதே வாக்கியத்தில், 19-ஆம் வருஷம் என்று பொறித்த ரூபாயையும் எழுத வேண்டும். அதைத் துணியாக மாற்றிக் கொடுத்த நெசவாளியின் தறியையும் எழுத வேண்டும்.